பால்டாக் என்ற ஊர்ப்பெயர் பக்தாதிலிருந்து வந்ததா?

மாலதி_வாரப்பள்ளி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்குப் பிள்ளைகள் தாங்கள் குடியிருக்கும் ஊரின் பெயர்க்காரணத்தை ஆளுக்கு அரைப்பக்கம் எழுதுகிறார்கள். ஹிட்சின், லெட்ச்வொர்த், பால்டாக், ராய்ஸ்டன் என எல்லாமே ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் வடக்கு ஓரத்து ஊர்கள். கிங்ஸ் கிராஸிலிருந்து கேம்பிரிட்ஜ் போகும் ரயிலில் வரிசையாக வரும்.

பால்டாக்கில் இருக்கும் பெண் "எங்கள் ஊருக்குப் பக்தாதின் பெயர்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதைப் படித்த இன்னொரு பிள்ளையின் அப்பா, "அதெல்லாம் சுற்றுலாக் கதை டீச்சர், மொட்டை ஓக் மரம் என்பதுதான் அர்த்தம்" என்கிறார். அச்சுக்குப் போவதற்குள் எனக்குத் தெளிவு வேண்டும். பக்தாத் என்றால், இங்கிலாந்தில் ஒரு சந்தை ஊருக்கு அந்தப் பெயரை யார் வைத்தது, ஏன் வைத்தார்கள்? கூடவே, தமிழில் எப்படி எழுதுவது என்பதிலும் பள்ளிக்குள் இரண்டு கட்சி இருக்கிறது. அதையும் சொல்லுங்கள்.

கல்வெட்டுக்காரர்

மாலதி, அந்தப் பெண் எழுதியதை மாற்றாதீர்கள். பெயர் பக்தாதிலிருந்துதான் வந்தது.

ஊர்ப்பெயரை இன்றைய உருவத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தால் எதையும் எதிலிருந்தும் வரவழைத்துவிடலாம். முதன்முதலில் எழுத்தில் எப்படிப் பதிவானது, அப்போது நிலம் யார் கையில் இருந்தது, இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். பால்டாக்குக்கு இரண்டுமே கிடைக்கின்றன.

1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்குப் பதிவேட்டில் பால்டாக் இல்லை. சுற்றிலும் உள்ள வெஸ்டன், பைகிரேவ், க்ளாட்ஹால், நார்ட்டன், வில்லியன் எல்லாம் இருக்கின்றன. அந்தப் பழைய கிராமங்களின் எல்லைகள் நெருங்கிவரும் இடத்தில் 12ஆம் நூற்றாண்டில் புதிதாக உண்டாக்கப்பட்ட ஊர் இது. உண்டாக்கியவர்கள் டெம்ப்ளர்கள் என்னும் வீரத் துறவிகள். 1119 வாக்கில் ஜெருசலேமில் தோன்றிய அமைப்பு. துறவி விரதமும் உண்டு, வாளும் உண்டு. அவர்களுக்குப் பெம்ப்ரோக் பிரபு கில்பர்ட் டி கிளேர் தம்முடைய வெஸ்டன் நிலத்தில் ஒரு பகுதியைத் தானமாகக் கொடுத்தார். அவர் 1148இல் இறந்துவிட்டதால் தானம் அதற்கு முந்தியது. பிற்பாடு அவருடைய பேத்தியை மணந்து அந்தப் பிரபுப் பட்டத்துக்கு வந்த வில்லியம் மார்ஷல், தானத்தை உறுதிசெய்து ஒரு சாசனம் தந்தார். டெம்ப்ளர் துறவிகள் அவ்விடத்தில் ஒரு நகரத்தைக் கட்டியதையும் அதன் பெயரையும் அந்தச் சாசனம் சொல்கிறது.

அந்தக் காலத்து ஆவணங்களில் பெயர் பல்தாக் என்றும் பௌதாக் என்றும் வரும். பழைய பிரெஞ்சில் பக்தாதுக்கு வழங்கிய பெயர்களும் இவையே. அன்று இங்கிலாந்தில் நிலம் வைத்திருந்தவர்களின் பேச்சுமொழி பிரெஞ்சு என்பதை மறக்கக் கூடாது. ஊரைக் கட்டியவர்கள் யார், அவர்கள் எந்த மொழி பேசினார்கள், அந்த மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்ற மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஊர்ப்பெயர் ஆய்வில் இவ்வளவு வசதியாகச் சான்று அமைவது அபூர்வம்.

வேர்ச்சொல்_வேலன்

ஐயா, இவ்வளவு உறுதியாக முடிக்க வேண்டுமா? மரக் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் ஓக் மரத்துக்கு 'ஆக்' என்று பெயர். ஊர்ப்பெயரின் கடைசியில் அது நின்றால் தேய்ந்து 'ஒக்' ஆகிவிடும். டார்பிஷயரில் மாட்லாக் என்ற ஊர் இருக்கிறதே, அது 'கூட்டம் கூடும் ஓக் மரம்' என்ற பொருளில் வந்தது. பெயர் முடிவதைப் பாருங்கள், பால்டாக் மாதிரியேதான். 12ஆம் நூற்றாண்டு எழுத்தர் ஓக் மரத்து ஊரையும் 'ஆக்' என்றுதான் முடித்திருப்பார், பக்தாதையும் 'ஆக்' என்றுதான் முடித்திருப்பார். எழுத்துருவத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

அதோடு, டெம்ப்ளர்கள் பக்தாதைப் பார்த்ததே கிடையாது. சிலுவைப் போர்ப் படைகள் எதுவும் அங்கே எட்டவில்லை. எதிரி நாட்டுக் கலீஃபா உட்கார்ந்திருக்கும் ஊரின் பெயரை ஒரு கிறிஸ்தவத் துறவிக் கூட்டம் தன் சந்தைக்கு ஏன் வைக்க வேண்டும்? அவர்கள் இருந்தது ஜெருசலேமில். அந்தப் பெயரை வைத்திருந்தால் எனக்கு ஒரு சந்தேகமும் வந்திராது.

தெல்லிப்பழையான்

நான் போல்டொக்குக்குப் பக்கத்திலைதான் இருக்கிறன், லெட்ச்வொர்த்திலை. மரக்கதை இஞ்சை சனத்துக்குள்ளை இருக்குது, உண்மைதான். ஆனா ஊருக்குள்ளை போய்ப் பாத்தா டெம்ப்ளர் ஆக்களின்ரை கைதான் தெரியும். பிள்ளையள் படிக்கிற உயர்நிலைப் பள்ளிக்கே நைட்ஸ் டெம்ப்ளர் எண்டுதான் பேர்.

ஹை ஸ்ட்ரீட் எவ்வளவு அகலம் எண்டு ஒருக்கா நடந்து பாக்க வேணும். ஒரு சின்ன ஊருக்கு அவ்வளவு பெரிய வீதி தேவையில்லை. கடை விரிக்கவும் மாடு கட்டவும் வண்டில் திருப்பவும் எண்டு முதல் நாளே அளந்து விட்ட வீதி அது. ரெண்டு பக்கமும் வீடுகளின்ரை முகப்பு ஒடுக்கம், வளவு பின்னாலை நீளமாப் போகும். வீதிக்கு முகம் காட்டிற இடத்துக்குத்தான் அண்டைக்குப் பெறுமதி, அதாலை எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுக் குடுத்திருக்கினம். தானா வளந்த கிராமத்திலை இப்பிடி வராது.

இடத்தையும் பாத்துத்தான் எடுத்திருக்கினம். வடக்கே போற பழைய பெருந்தெரு, கிரேட் நோர்த் ரோட், இதுக்குள்ளாலைதான் போனது. அதைவிடப் பழசான இக்னீல்ட் வழியும் இஞ்சைதான் அதைக் குறுக்கிடுது. ரெண்டு தெரு சந்திக்கிற இடத்திலை சந்தை போட்டா ஆள் தேடிப் போகத் தேவையில்லை.

கல்வெட்டுக்காரர்

தெல்லிப்பழையார் சொன்னது பாதி விடை. வேலனுக்கு மீதியைச் சொல்கிறேன்.

மாட்லாக் ஒப்பீடு நல்ல ஒப்பீடுதான். ஆனால் மாட்லாக் டூம்ஸ்டேயிலேயே வந்துவிட்ட பழைய ஊர். பழைய ஆங்கிலம் பேசியவர்கள் தங்கள் மொழியில் வைத்த பெயர், அதனால் அதில் ஓக் மரம் இருப்பது இயல்பு. பால்டாக் அதற்கெல்லாம் பிறகு, பிரெஞ்சு பேசுகிற அமைப்பு ஒன்று வெறும் நிலத்தில் திட்டமிட்டுக் கட்டியது.

இன்னொன்று, நீங்கள் பின்பாதியை மட்டும் பார்த்தீர்கள். முன்பாதியைப் பாருங்கள். மொட்டை என்னும் பொருள் தரும் இன்றைய ஆங்கிலச் சொல் அந்தக் காலத்தில் 'பல்லெத்' என்று இரண்டு அசையாக ஒலித்தது. மொட்டை மரமாக இருந்தால் ஆரம்பப் பதிவுகளில் 'பல்லெதாக்' போல ஒரு நீண்ட வடிவமாவது தலைகாட்டியிருக்க வேண்டும். வருவதோ பல்தாக்.

எனக்கு எல்லாவற்றையும்விட வலுவாகத் தோன்றுவது பௌதாக் என்ற வடிவம். பழைய பிரெஞ்சில் மெய்யெழுத்துக்கு முன் நின்ற 'ல்' கரைந்து 'உ' ஆகிவிடும். பால்ட்வின் என்ற ஆள்பெயர் பிரெஞ்சில் போதுவான் ஆனது அப்படித்தான். எழுத்தில் இன்றும் அந்த 'உ' நிற்கிறது. டெம்ப்ளர்கள் பால்டாக்கைக் கட்டிய நாளில் ஜெருசலேமின் அரசராக இருந்தவர் மூன்றாம் பால்ட்வின் (1143 முதல் 1163 வரை). அவருடைய பெயருக்கும் இரண்டு வடிவங்கள் இருந்தன. பக்தாதுக்கும் பல்தாக், பௌதாக் என்று இரண்டு. ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஊருக்கும் அதே இரண்டு. ஓர் ஆங்கில மரத்தின் பெயர் இப்படிப் பிரெஞ்சு இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதைவிட, அது முதலிலிருந்தே பிரெஞ்சுக்காரர் வாயில் இருந்த சொல் என்று கொள்வதே பொருத்தம்.

கடைசி அசை 'ஒக்' ஆனது பின்னால் நடந்தது. அழுத்தமில்லாத கடைசி உயிர் மங்கும். ஹில்லாக், புல்லாக் என்று ஆங்கிலக் காதுக்கு ஏற்கெனவே பழகிய முடிவும் இருந்தது. பக்தாதை நினைக்காத தலைமுறை வந்ததும் பெயர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

காயல்மீரான்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வேலன் தம்பி கேட்ட "ஏன் பக்தாத்" என்பதற்கு நான் அந்தப் பக்கமிருந்து வருகிறேன்.

முதலில் அந்த ஊரின் பெயரையே பார்ப்போம். 762இல் கலீஃபா மன்சூர் டைக்ரிஸ் கரையில் வட்ட வடிவில் நகரம் கட்டி, அதற்கு மதீனத்துஸ் ஸலாம், அமைதி நகரம் என்று பெயர் வைத்தார். காசில்கூட அந்தப் பெயரைத்தான் அடித்தார்கள். சனங்களோ அந்த இடத்தில் முன்பே இருந்த சிற்றூரின் பெயரை விடவில்லை. பக் என்றால் பழைய ஈரானிய மொழியில் இறைவன், தாத் என்றால் கொடுத்தது. இறைவன் தந்த இடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அரசாங்கம் வைத்த பெயர் ஏட்டில் நின்றது, பக்தாத் உலகம் முழுக்கப் போனது. நடுவில் வரும் 'ஃகைன்' என்ற அரபு எழுத்து தொண்டைக்குள்ளிருந்து எழும்பும் ஒலி. ஐரோப்பியர் காதில் அது நிற்கவில்லை. இத்தாலியர் பல்தாக்கோ என்றார்கள், பிரெஞ்சுக்காரர் பல்தாக் என்றார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் பகுதாது என்று சொன்னால் தெரியாத வீடு இருக்காது. முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி ஆண்டகை அடங்கியிருக்கும் ஊர் அல்லவா. அவர்கள் 1166இல் மறைந்தார்கள். அதாவது ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் டெம்ப்ளர்கள் சந்தைத் தெருவுக்குக் கயிறு பிடித்து அளந்த நாளில் அவர்கள் பகுதாதில் உபதேசம் செய்துகொண்டிருந்தார்கள். இந்த இரண்டையும் ஒரே காலத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இந்த இழை வழிவிட்டது, அதற்கு மாலதி சகோதரிக்கு நன்றி.

எதிரி ஊர் என்ற வாதத்துக்கு வருகிறேன். டெம்ப்ளர்கள் பாலஸ்தீனத்திலும் சிரியாவிலும் வருடக்கணக்கில் குடியிருந்தவர்கள். போர் நடந்த மாதங்களைவிட வியாபாரம் நடந்த மாதங்கள் அதிகம். கிழக்கிலிருந்து வரும் பட்டும் வாசனைப் பொருளும் டமாஸ்கஸ், அலெப்போ வழியாகக் கடற்கரைத் துறைமுகங்களுக்கு வந்தன. அந்தச் சரக்குகளோடு கூடவே வந்த பெயர் பக்தாத். அவர்கள் அந்த ஊரைப் பார்க்கவில்லை என்பது சரி. பார்க்காத ஊரின் புகழ்தான் இன்னும் பெரிதாகக் காதில் விழும். ஜெருசலேம் தொழுகைக்கும் யாத்திரைக்கும் உரிய பெயர். மாட்டுச் சந்தைக்கு வைக்க அவர்களுக்கே மனம் வந்திருக்காது. சந்தை செழிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் உலகத்தின் பெரிய சந்தையின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கமும் இதுவே.

நெசவாளிமகள்

மீரான் பாய் பட்டு என்றதும் உள்ளே வந்துவிட்டேன். 'பல்தாக்' என்ற பெயர் இங்கிலாந்துக்குள் இரண்டு வழியாக வந்தது. ஒன்று ஊர், இன்னொன்று துணி.

பக்தாதிலிருந்து வந்த, பொன்னிழை ஊடோடும் கனமான பட்டுக்கு பால்டெகின் அல்லது பாடெகின் என்று பெயர். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி அந்தத் துணியில் உடுத்தியிருந்ததை மாத்யூ பாரிஸ் என்ற துறவி தம் வரலாற்றில் குறிக்கிறார். அவர் இருந்தது செயின்ட் ஆல்பன்ஸ் மடம், அதுவும் இதே ஹார்ட்ஃபோர்ட்ஷயரில்தான். ஆக 13ஆம் நூற்றாண்டில் அந்த மாவட்டத்தின் ஒரு கோடியில் பல்தாக் என்றால் சந்தை ஊர், இன்னொரு பக்கத்து மடத்தில் பல்தாக் என்றால் அரசர் உடுத்தும் பட்டு வரும் இடம்.

துணி பிறகு வேறு திசையில் போனது. அரியணைக்கும் பலிபீடத்துக்கும் மேலே அந்தப் பட்டை விதானமாகக் கட்டினார்கள், நாளடைவில் விதானத்துக்கே அந்தப் பெயர் வந்தது. ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்குள் பெர்னினி 1623 முதல் 1634 வரை எழுப்பிய வெண்கல விதானத்தை பால்டாகினோ என்றுதான் சொல்கிறார்கள். அதில் பட்டு ஒரு இழைகூட இல்லை, முழுக்க வெண்கலம். ஆனாலும் பெயரில் பக்தாத் இருக்கிறது.

ஊர்ப்பெயர் துணிக்குப் போவது எங்கள் தொழிலில் சாதாரணம். மோசூலிலிருந்து மஸ்லின், டமாஸ்கஸிலிருந்து டமாஸ்க், கோழிக்கோட்டிலிருந்து காலிகோ, சென்னையின் பழைய பெயரில் மெட்ராஸ் கட்டம். அதனால் "பக்தாத் என்ற பெயர் அவர்களுக்கு எப்படிப் பழக்கம்" என்று யாராவது கேட்டால், போர் வரைபடத்தைக் காட்டாதீர்கள், துணிக்கடைக் கணக்கைக் காட்டுங்கள்.

அலைவரிசை

அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு பால்டாக் என்றால் பக்தாதும் இல்லை, மரமும் இல்லை. பிரிட்டனின் வானொலி அலைவரிசைகளை மேற்பார்க்கும் ஆஃப்காம் அமைப்பின் கண்காணிப்பு நிலையம் அங்கேதான். எங்கள் பேச்சில் பால்டாக் என்று மொட்டையாகச் சொன்னாலே அந்த நிலையம் என்று அர்த்தம். அலைவரிசையில் விளக்கம் தெரியாத குறுக்கீடு வந்தால் "பால்டாக்குக்குத் தெரியப்படுத்து" என்பார்கள். பெயரின் பொருளைப் பேசுகிற இழையில் இன்றைய புழக்கமும் இருக்கட்டும் என்று சேர்க்கிறேன். மலரில் ஒரு வரி போட்டால் பையன்களுக்குப் பிடிக்கும்.

மாலதி_வாரப்பள்ளி

இவ்வளவு வரும் என்று நினைக்கவேயில்லை. மீரான் அண்ணா, சந்தைக்கு ஜெருசலேமின் பெயர் ஏன் பொருந்தாது என்று நீங்கள் சொன்ன இடம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இடம்.

கல்வெட்டு ஐயா, ஒரு கேள்வி. அங்கே ரோமானியர் காலத்து ஊர் ஒன்று தோண்டி எடுத்ததாக நூலகத்தில் பார்த்தேன். அப்படியானால் டெம்ப்ளர்கள் வெறும் நிலத்தில் கட்டினார்கள் என்பது எப்படி?

கல்வெட்டுக்காரர்

நல்ல கேள்வி. பால்டாக்கின் மண்ணுக்கடியில் இரும்புக்காலத்திலிருந்து ரோமானியர் காலம் வரை நீடித்த பெரிய குடியிருப்பு இருந்தது. செல்வாக்கோடு வாழ்ந்த தலைவர் ஒருவரின் புதைகுழியை 1960களின் கடைசியில் எடுத்தார்கள், வெண்கலக் கொப்பரையும் இரும்பு அடுப்புத் தாங்கிகளும் கிடைத்தன. டசிட்டா என்ற பெண்ணைச் சபித்து எழுதிய ஈயத் தகடும் அந்தப் பக்கத்து ரோமானிய இடுகாட்டில் வந்தது. எனக்கு அந்தத் தகட்டைப் பற்றித் தனியாகவே எழுத ஆசை, இங்கே வேண்டாம்.

ஆனால் அந்தப் பழைய ஊர் ரோமானியருக்குப் பிறகு அழிந்து போனது. அதன் பெயர் எங்கும் பதிவாகவில்லை. தானம் கொடுத்த நாளில் அது வெஸ்டனைச் சேர்ந்த நிலம், அவ்வளவுதான். பெயர் சொல்ல ஊரே இல்லாத இடத்தில் கட்டியதால்தான் டெம்ப்ளர்களால் தங்கள் விருப்பத்துக்குப் பெயர் வைக்க முடிந்தது. ஏற்கெனவே ஆள் வாழும் கிராமத்தில் சந்தை தொடங்கியிருந்தால் பழைய பெயரே தொடர்ந்திருக்கும், முன்னால் 'மார்க்கெட்' என்றோ 'சிப்பிங்' என்றோ ஓர் ஒட்டு சேர்ந்திருக்கும். மார்க்கெட் டிரேட்டன், சிப்பிங் நார்ட்டன் எல்லாம் அப்படி வந்தவை. சிப்பிங் என்பதும் பழைய ஆங்கிலத்தில் சந்தைதான்.

தெல்லிப்பழையான்

ஐயா சொன்னதுக்குப் பக்கத்திலையே சாட்சி இருக்கு. ரொய்ஸ்டனும் டூம்ஸ்டேயிலை இல்லை. அதுவும் ரெண்டு பெருந்தெரு சந்திக்கிற இடம், ஏர்மின் தெருவும் இதே இக்னீல்ட் வழியும். அதுவும் கன கிராமங்களின்ரை எல்லை முட்டிற இடம். ரொய்சியா எண்ட சீமாட்டியின்ரை பேரிலை தெருவோரம் ஒரு சிலுவை நிண்டது, பக்கத்திலை துறவியள் மடம் கட்டிச்சினம், 1189இலை சந்தை உரிமை வாங்கிச்சினம். சிலுவையின்ரை பேர் ஊரின்ரை பேராப் போச்சுது. அயல் கிராமங்களுக்கெல்லாம் பண்ணை, மேடு, காடு எண்டு ஆங்கிலப் பேர். நடுவிலை முளைச்ச ரெண்டு சந்தைக்கு மட்டும் ஒண்டுக்குப் பொம்பிளைப் பேர், மற்றதுக்குப் பக்தாத். ரெண்டு பிள்ளையளின்ரை கட்டுரையையும் பக்கம் பக்கமாப் போடுங்கோ மாலதி அக்கா, வித்தியாசம் தானா விளங்கும்.

எல்லையிலை முளைச்ச சந்தை எண்டா எனக்கு வில்ட்ஷயர் டிவைசஸ் ஞாபகம் வரும். அங்கை எல்லை எண்ட லத்தீன் சொல்லே ஊர்ப்பேர். சொலிஸ்பரி பிஷப் மூண்டு பண்ணை நிலங்கள் சந்திக்கிற இடத்திலை கோட்டை கட்டினார், 'எல்லைகளில்' எண்டு எழுதிச்சினம், அதுவே பேராச்சு. பொருள் மனசிலை இருந்த காலத்திலை ஆங்கிலத்திலை அந்த ஊரை 'த டிவைசஸ்' எண்டுதான் சொன்னவை, முன்னாலை சுட்டு வைச்சு. இப்ப அந்தச் சுட்டு போட்டுது, வெறும் டிவைசஸ்.

வேர்ச்சொல்_வேலன்

பௌதாக் வடிவம் பற்றி ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. 'ல்' கரைவது மரத்துக்கும் நடக்கலாம். பிரெஞ்சு எழுத்தர் கையில் எந்த ஆங்கிலச் சொல்லும் அப்படி வளையும். ஆகவே அது தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. டெம்ப்ளர்கள் புதிதாகக் கட்டிய ஊர் என்ற செய்தியே என் கணக்கில் பெரிய சான்று. அதனால் மலரில் "பக்தாத் என்பதே ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம்" என்று எழுதுங்கள். மரக்கதையும் ஒரு வரி வரட்டும், மக்கள் அதை நம்பி வழங்கியதும் அந்தப் பெயரின் வரலாறுதான்.

அதே டெம்ப்ளர்கள் எசெக்ஸில் விதம் என்ற இடத்தில் 1212இல் புதிய சந்தை ஊர் தொடங்கி, அதற்கு நியூலேண்ட், புதுநிலம் என்று பெயர் வைத்தார்கள். அங்கே எந்தக் கீழ்த்திசைப் பெயரும் இல்லை. அதனால் இது அவர்களுடைய வழக்கமான பழக்கம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பால்டாக்கில் ஒருமுறை செய்தார்கள்.

கல்வெட்டுக்காரர்

வேலன் சொன்னபடி எழுதுவது நியாயம். ஒப்புக்கொள்கிறேன்.

பெயரின் புழக்கம் என்று வந்துவிட்டதால் ஒரு செய்தி. ஊரை விட்டு வெளியே போனவர்கள் ஊர்ப்பெயரைத் தங்கள் பெயரோடு எடுத்துச் சென்றார்கள். பால்டாக் இன்றும் ஆங்கிலக் குடும்பப்பெயர். அந்தப் பெயரோடு மேலே போனவர்களில் இருவர் இங்கிலாந்தின் சான்சலராகவே, அதாவது அரசரின் தலைமை அதிகாரியாகவே, இருந்தார்கள். ராபர்ட் பால்டாக் இரண்டாம் எட்வர்ட் அரசரிடம் 1323 முதல் 1326 வரை. மற்றவர் ரால்ஃப் பால்டாக், லண்டன் பிஷப்.

இந்த ரால்ஃப் பால்டாக் காலத்தில்தான் டெம்ப்ளர்களின் வீழ்ச்சி வந்தது. பிரான்ஸில் 1307இல் கைது தொடங்கி, 1308 ஜனவரியில் இங்கிலாந்திலும் அவர்களைப் பிடித்தார்கள். 1309இல் லண்டனில் போப்பின் விசாரணையாளர்களோடு உட்கார்ந்து அவர்களை விசாரித்தவர்களில் லண்டன் பிஷப்பும் ஒருவர். டெம்ப்ளர்கள் வைத்த பெயரைத் தன் பெயரில் சுமந்தவர், டெம்ப்ளர்களை விசாரிக்கும் இடத்தில் இருந்தார். அந்த அறையில் அதை யாராவது நினைத்தார்களோ இல்லையோ, எனக்கு ஆவணத்தில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். 1312இல் போப் ஐந்தாம் கிளெமென்ட் அமைப்பைக் கலைத்தார். ஊர் ஹாஸ்பிட்டலர்கள் என்னும் இன்னொரு வீரத் துறவி அமைப்பின் கைக்குப் போனது. உடைமை கைமாறியும் பெயரை மாற்றவில்லை. மூலமான பக்தாதோ அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1258இல், மங்கோலியர் கையில் சிதைந்திருந்தது.

மாலதி_வாரப்பள்ளி

ஐயா, அந்த விசாரணைச் செய்தியை ஆசிரியர் பக்கத்தில் நானே எழுதுகிறேன், பிள்ளையின் அரைப்பக்கத்தில் அடங்காது.

கடைசியாக எழுத்துக்கூட்டல். எங்கள் பள்ளியில் பாதிப் பேர் தமிழ்நாடு, பாதிப் பேர் ஈழம். தலைப்பு வைக்கும்போது சண்டை.

தெல்லிப்பழையான்

சண்டை எதுக்கு. நாங்கள் ஒக்ஸ்போர்ட், ஹொஸ்பிற்றல் எண்டு ஒகரம் போட்டு எழுதுவம். நீங்கள் ஆக்ஸ்ஃபோர்டு, ஹாஸ்பிட்டல் எண்டு ஆகாரம் போடுவியள். ஊர்ச்சனம் சொல்லிறது ரெண்டுக்கும் இடையிலை, முதல் அசையை நல்லா அழுத்தி. போல்டொக் எண்டாலும் பால்டாக் எண்டாலும் ஸ்ரேசனிலை இறங்கிக் கேட்டா வழி காட்டுவினம். ஈழத்துப் பிள்ளை எழுதினா போல்டொக், மற்றப் பிள்ளை எழுதினா பால்டாக். வெட்ட வேண்டாம்.

காயல்மீரான்

நானும் அதற்கே. பக்தாத், பகுதாது இரண்டையும் நாங்கள் ஒரே பக்கத்தில் எழுதுகிறோம், ஒருவரும் குழம்பியதில்லை.

மாலதி_வாரப்பள்ளி

சரி, அப்படியே செய்கிறேன். பால்டாக் கட்டுரையை எழுதிய பெண் ஈழத்துப் பிள்ளை, தலைப்பு "போல்டொக்" என்றே போகும், அடியில் பால்டாக் என்று ஒரு குறிப்பு. ராய்ஸ்டன் எதிர்ப்பக்கத்தில். மரக்கதை ஒரு வரி, ரேடியோ நிலையம் ஒரு வரி. அடுத்து ஹிட்சின் இருக்கிறது. ஹிக்கே என்ற பழைய ஆங்கிலக் குடியின் பெயர் என்று மட்டும் தெரியும், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். நெசவாளிமகள், அந்தப் பட்டின் படம் நூலகப் புத்தகம் எதிலாவது நல்லதாக இருந்தால் சொல்லுங்கள், பிள்ளை அதைப் பார்த்து வரைய ஆசைப்படுகிறாள்.